நாற்பத்தொன்பதாவது ஆணி

மேடையில் அமர்ந்திருக்கும் புக்கிட் மெராந்தி வட்டாரத் தோட்டப் பூப்பந்துச் சங்கத்தின் தலைவர் மதிப்பிற்குரிய திரு. தர்மேந்திரன் அவர்களே! செயலவைத் தோழர்களே! மனைவியை இழந்த துக்கத்திலும், வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி கிடைத்ததா என்று எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் அன்புக்குரிய சன்னாசி அண்ணன் அவர்களே! ஆலையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும், சிரம்பான், மம்பாவ், செண்டாயான் பக்கமிருந்தும் வேலை முடிந்த கையோடு, குளிக்கக்கூட நேரமில்லாமல் வந்திருக்கும் ஆட்டக்காரர்களே! தாய்மார்களே! உங்கள் அனைவரையும் கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

என் பெயர் அலெக்சாண்டர். மம்பாவ்காரன். ஏர்கோன் பழுது பார்ப்பது என் தொழில். இந்தச் சங்கத்தின் தர வரிசையில் இன்றைய தேதிக்கு ஐந்தாம் இடத்தில் இருப்பவன். ஒரு காலத்தில் ஏழு ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தவன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் பேசி முடிக்கும்போது அந்தப் பெருமை எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்போம்.

அன்பர்களே! இருபது நாள்களுக்கு முன் சிரம்பான் மருத்துவமனையில் கண்மூடிய திருமதி ராக்கம்மா அவர்கள் யார்? செம்பனை எண்ணெய் ஆலையின் தராசு மேடையில் முப்பத்தோராண்டுகள் லோரிகளை நிறுத்தி எடை பார்த்தவர். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. சம்பளமில்லாமல் செய்த வேலை ஒன்று உண்டு. அது இதோ, எனக்குப் பின்னால் சுவரில் நிற்கிறதே, இந்தப் பச்சைக் கதவு! இதில் அடித்திருக்கும் ஆணிகள்! ஆணிகளில் தொங்கும் இந்தத் தகடுகள்!

இன்று முதன்முறையாக இந்தக் கொட்டகைக்குள் வந்திருப்பவர்களும் சிலர் இருக்கிறீர்கள். அவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். இது ஒரு காலத்தில் ரப்பர்ப் பால் நிறுத்த கொட்டகை. ரப்பர் போய் செம்பனை வந்தபின் சும்மா கிடந்தது. இதற்குள் கோடு கிழித்து, வலை கட்டி, இதைப் பூப்பந்துத் திடலாக்கியவர் ராக்கம்மா அக்கா. சுற்றுவட்டத் தோட்டங்களில் ஆடுகிறவர்களுக்கெல்லாம் ஒரு தர வரிசை வேண்டும் என்று சொன்னவரும் அவரே. ஆளுக்கொரு தகடு. பிஸ்கட் டின்னை வெட்டி, ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திப் பெயர் எழுதுவார். கதவில் நாற்பத்தெட்டு ஆணிகள். உச்சியில் முதலாவது, அடியில் நாற்பத்தெட்டாவது. ஆண், பெண் பேதமில்லை. உங்களுக்கு மேலே இருப்பவரை வென்றால் அவருடைய ஆணி உங்களுக்கு.

ஆனால் அந்தத் தகட்டை யார் மாற்றி மாட்டுவது? அங்கேதான் அக்காவின் சட்டம் இருக்கிறது. வென்றவர் தொடக்கூடாது. நடுவர் தொடக்கூடாது. தலைவரே வந்தாலும் தொடக்கூடாது. தோற்றவர்தான், தன் கையால், தன் தகட்டைக் கழற்றி, வென்றவரின் தகட்டை அங்கே மாட்ட வேண்டும்! மாட்டினால்தான் முடிவு செல்லும். மாட்டாதவரை அந்த ஆட்டம் முடியவில்லை என்று பொருள்.

எத்தனை பேர் இந்தக் கதவுக்கு முன்னால் நின்று பல்லைக் கடித்திருக்கிறோம்! மருமகனிடம் தோற்ற மாமனார் மாட்டியிருக்கிறார். தன் குழுவில் செம்பனைக் குலை வெட்டுகிற ஆளிடம் தோற்ற மேற்பார்வை மண்டோர் மாட்டியிருக்கிறார். மாட்டி முடித்ததும் அக்கா ஒரு குவளை தேத்தண்ணீர் கொடுப்பார். வென்றவருக்குக் கிடையாது. தோற்றவருக்கு மட்டும்தான்.

இரண்டாவது சட்டமும் உண்டு. புதிதாகச் சேர வருகிறவர் முதலில் யாரோடு ஆட வேண்டும்? ராக்கம்மா அக்காவோடு! அவருடைய தகடு எப்போதும் நாற்பத்தெட்டாவது ஆணியில். கடைசி இடம். வந்தவர் அக்காவை வெல்வார். அக்கா தன் கையால் அவருடைய தகட்டைத் தனக்கு மேலே இருக்கும் காலி ஆணியில் மாட்டுவார். இங்கே தகடு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஒரு வெற்றியோடுதான் உள்ளே வந்தோம். அந்த வெற்றியைக் கொடுத்தவர் யார்? அக்கா! நூற்று முப்பத்தேழு பேர் இந்தக் கொட்டகைக்குள் புதிதாக வந்திருக்கிறோம். அத்தனை பேருக்கும் அக்காவே வாசலாக இருந்தார்.

ஒருமுறை கேட்டேன். "ஏன்க்கா, கடைசியிலேயே தொங்குறீங்களே, வெக்கமா இல்லையா?" என்று. நான் அப்படிக் கேட்கக்கூடிய ஆள்தான், உங்களுக்குத் தெரியும்.

அவர் சொன்னார்: "தம்பி, புதுசா வர்றவங்க கதவப் பாப்பாங்க. தனக்குக் கீழ யாருமே இல்லன்னா அடுத்த வாரம் வரமாட்டாங்க லா. கீழ ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சா வருவாங்க. அவ்வளவுதான். இதுல என்ன வெக்கம்?"

வேண்டுமென்றேதான் தோற்றாரா என்ற கேள்வி பல வருடங்களாக நம்மிடையே உண்டு. பெரிய ஆட்டக்காரி, மறைத்து வைத்திருக்கிறார் என்று சிலர் சத்தியம் செய்தார்கள். இதைப் பற்றி நான் துக்க வீட்டில் சன்னாசி அண்ணனிடமே கேட்டேன். அழுதுகொண்டிருந்த மனிதர் சிரித்துவிட்டார். "அட போய்யா! அவளுக்கு ஆடத் தெரியாது. உண்மையாவே தெரியாது. முழு மூச்சா ஆடித்தான் தோப்பா. வீட்டுக்கு வந்து இடுப்புக்கு எண்ணெய் தேச்சு விடச் சொல்லுவா" என்றார். சிரியுங்கள், சிரியுங்கள். அக்கா இருந்தால் அவர்தான் முதலில் சிரிப்பார்.

ஆடத் தெரியாதவர்தான், ஆனால் ஆட்டத்தை அறிந்தவர்! அதற்குச் சாட்சி, அதோ தூணில் சாய்ந்து நிற்கிறாரே தர்மராஜ், அவரைவிட யார் வேண்டும்?

பதினோராண்டுகளுக்கு முன்பு. தர்மராஜ் நம் வரிசையில் முப்பத்தோராவது ஆள். குலை வெட்டுகிற தொழிலாளி. அந்த ஆண்டுத் தீபாவளிக் கிண்ணத்துக்குச் சிரம்பானிலிருந்து ஒரு விருந்தினர் ஆட வந்தார். மாநிலப் போட்டியில் இரண்டாம் நிலைத் தேர்வு ஆட்டக்காரர். தோள்பையில் நான்கு ரேக்கட்டுகள். குலுக்கலில் அவருக்கு எதிராக விழுந்தது நம் தர்மராஜ் பெயர். பாவம் தர்மராஜ் என்று எல்லாரும் சொன்னோம். நடந்தது என்ன? இருபத்தொன்று ஒன்பது! இருபத்தொன்று பதினொன்று! முப்பத்தொன்றாம் ஆள், மாநிலத்தின் இரண்டாம் ஆளை வீட்டுக்கு அனுப்பினார்!

எப்படி? மேலே பாருங்கள். அந்த உத்திரங்களைப் பாருங்கள். பால் கொட்டகைக்குக் கட்டியது, பூப்பந்துக்குக் கட்டியதில்லை. பந்து உத்திரத்தில் பட்டால் அடித்தவருக்குப் புள்ளி போயிற்று. உயர்ந்த கூரைக்குக் கீழே ஆடிப் பழகியவர் பந்தைத் தூக்குவார். தூக்கினால் உத்திரம். நம் ஆட்கள் தூக்கவே மாட்டார்கள். வலைக்கு மேல் ஒரு சாண், அவ்வளவுதான்.

அன்று முழுக்கத் தர்மராஜைக் கையில் பிடிக்க முடியவில்லை. "மாநிலத்துல ரெண்டாவத நான் அடிச்சேன்னா, அப்ப நான்தானே ரெண்டாவது?" என்று கேட்டுக்கொண்டே மோட்டார் சைக்கிளில் தோட்டம் முழுக்கச் சுற்றினார். அடுத்த மாதம் சிரம்பானில் பொதுப் போட்டி. பெரிய மண்டபம். போனார். முதல் சுற்றிலேயே யாரென்றே தெரியாத ஒரு வங்கி ஊழியரிடம் இருபத்தொன்று ஆறு, இருபத்தொன்று நான்கு. அங்கே எல்லாரும் பந்தை வானத்துக்கு அனுப்பினார்கள். நம் ஆளுக்கு அண்ணாந்து பார்க்கவே தெரியவில்லை!

தலைகுனிந்து வந்த தர்மராஜிடம் அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "கொட்டாயில சிங்கம், மண்டபத்துல பூனை. ரெண்டும் நீதான் தர்மராஜு. ரெண்டையும் வச்சுக்க. தராசுல ஏறுன லோரி எனக்கு இன்னைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லுமா?"

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நமக்குத் தூக்கி ஆடத் தெரியவில்லை என்ற குறையை அன்றே புரிந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் லோரி வராது அல்லவா? தராசு மேடைக்குப் பக்கத்தில் லோரிகள் நிற்கும் செமண்டுத் தரையைக் கழுவி, சுண்ணாம்பால் கோடு போட்டு, வானத்துக்குக் கீழே நம்மை ஆட வைத்தார். கண்கூசக் கூச அண்ணாந்து பார்க்கக் கற்றோம். மறு ஆண்டு அதே சிரம்பான் மண்டபத்தில் தர்மராஜ் காலிறுதி வரை போனார். தர்மராஜ், அந்தக் காலிறுதிக்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? சொல், ஐயா. சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை, அழு.

நன்றி என்று சொல்ல வந்தவன் நான். ஆனால் நன்றி சொல்வதற்கு முன்னால் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். பாதிரியாரிடம் எத்தனையோ பாவங்களைச் சொல்லியிருக்கிறேன். இதை அவரிடம்கூடச் சொன்னதில்லை.

நீங்கள் எல்லாரும் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். கதவில் நாற்பத்தெட்டு ஆணிகள் என்றேன். எண்ணிப் பாருங்கள், நாற்பத்தொன்பது இருக்கும். அக்காவின் தகட்டுக்குக் கீழே ஓர் ஆணி. அதற்கு எண் கிடையாது. அதில் எதுவும் தொங்கியதில்லை. ஒருமுறை தர்மராஜ் அதில் தொப்பியை மாட்டினார். அக்கா எடுத்து அவர் கையில் கொடுத்து, "அது ஒந்தொப்பிக்கு அடிச்சதில்ல" என்றார். பிறகு எதற்கு அடித்தது? கேட்டவர்களிடமெல்லாம், "இருந்துட்டுப் போவட்டும் லா, ஒனக்கென்ன எடஞ்சல்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த ஆணி யாருக்கு அடித்தது தெரியுமா? எனக்கு!

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு. எனக்கு வயது இருபத்தெட்டு. சிரம்பானில் ஒரு கடையில் வேலை. நகரத்து மண்டபங்களில் ஆடிப் பழகியவன். தோட்டத்தில் ஒரு தர வரிசை இருக்கிறதாம், போய் ஒரே மாதத்தில் முதல் ஆணியைப் பிடிக்கிறேன் என்று கிளம்பினேன். சீனப் பெருநாளின் இரண்டாம் நாள். கடை விடுமுறை. ஆலையும் விடுமுறை என்பது எனக்குத் தோன்றவில்லை. வந்து பார்த்தால் கொட்டகையில் ஒருவரும் இல்லை. ஆலைக் காவலில் இருந்த சன்னாசி அண்ணனும், அவருக்குச் சோறு கொண்டுவந்திருந்த அக்காவும்தான். அக்கா சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க தம்பி, ஆடுவோம்" என்றார். சன்னாசி அண்ணன் நடுவர்.

அன்பர்களே! நான் தூக்கினேன். உத்திரம்! மறுபடி தூக்கினேன். உத்திரம்! கோபத்தில் இன்னும் பலமாகத் தூக்கினேன். "உத்திரம்! உத்திரம்!" என்று சன்னாசி அண்ணன் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பத்தேழு வயது அக்கா, வலைக்குப் பக்கத்தில் நின்று, பந்தை மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பதின்மூன்று முறை நான் உத்திரத்தை அடித்தேன். ஆட்டம் முடிந்தது. அக்கா இருபத்தொன்று. நான் பதினைந்து!

ஆம்! நூற்று முப்பத்தேழு பேரில், ராக்கம்மா அக்காவிடம் தோற்ற ஒரே ஆள், உங்கள் முன்னாள் முதல்நிலை ஆட்டக்காரர், இந்த அலெக்சாண்டர்!

பெட்ரிசியா, கட்டிய புருஷனை நீ அப்படிப் பார்க்காதே. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம்.

அக்காவுக்கே அதிர்ச்சி. "ஐயையோ, ஜெயிச்சுட்டனா?" என்று புருஷனைக் கேட்டார். தனக்குக் கீழே ஒருவர் வருவார் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. அங்கே ஆணியே இல்லை. ஒரு தகட்டில் என் பெயரைக் குத்தினார். அலுவலகத்திலிருந்து சுத்தியல் எடுத்து வந்து, தன் தகட்டுக்குக் கீழே ஓர் ஆணி அடித்தார். "நீங்கதான் மாட்டணும் தம்பி. தோத்தவங்கதான் மாட்டணும், அதான் இங்க சட்டம். மாட்டிட்டு வாங்க, தேத்தண்ணி குடிப்போம்" என்று தகட்டை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. என்ன சொன்னேன் என்று இந்த ஒலிபெருக்கியில் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். "இந்த மாட்டுக் கொட்டாயில ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா? போய் வேற யாரையாவது பாருங்க" என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். இன்றைக்கும் அந்தக் கை எனக்குத் தெரிகிறது.

மூன்று வாரம் தூக்கமில்லை. மம்பாவ் வீட்டில் கார் நிறுத்துகிற இடத்தில் கூரை தாழ்வு. அங்கே பெட்ரிசியாவைப் பந்து போடச் சொல்லி, தூக்காமல் ஆடிப் பழகினேன். விளக்கு உடைந்தது. "ஒங்களுக்குப் பைத்தியமா லா?" என்று அவள் கேட்டதற்கு, புதுவகைப் பயிற்சி என்றேன். பிறகு ஒரு சனிக்கிழமை, எல்லாரும் இருக்கும் நேரத்தில், இந்தக் கொட்டகைக்குள் நுழைந்தேன். அக்கா எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவாரே! சன்னாசி அண்ணன் சொல்லிவிடுவாரே!

சொன்னார்களா? அக்கா என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, புதுசா? ஆடுவோம்" என்றார். முதல்முறை பார்ப்பதுபோல! ஆடினோம். முழு மூச்சாகத்தான் ஆடினார். நான் வென்றேன். கைப்பையைத் திறந்து என் தகட்டை எடுத்தார். அதே தகடு! மூன்று வாரமாகப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். தன் கையால் தனக்கு மேலே மாட்டினார். எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தலைவணங்கி ஏற்றுக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட நடிகன்!

அன்றிலிருந்து மேலே ஏறினேன். ஆறு ஆண்டுகளில் முதல் ஆணி. ஏழு ஆண்டுகள் அங்கேயே. புகழ்ந்தீர்கள், மாலை போட்டீர்கள். அந்த ஆணி மட்டும் கீழே காலியாக இருந்தது. நான் கதவைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? மேலேயா?

ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்த தீபாவளிக் கிண்ணக் காலிறுதியை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. எனக்கு எதிரே இருபத்திரண்டாம் நிலையில் இருந்த ரதி. செண்டாயான் தொழிற்சாலையில் துப்புரவுப் பணியாளர். முப்பத்து நான்கு வயதில் முதன்முதலாக ரேக்கட் பிடித்தவர். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வயசுல ஆட்டம்?" என்று வீட்டில் கேட்டபோது, அக்காவே நேரில் போய், "நான் ஐம்பத்தஞ்சு வயசுல ஆடுறேன், எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்று கேட்டு அழைத்து வந்தார். அந்த ரதி மூன்று ஆட்டங்களில் என்னை வென்றார். கடைசி ஆட்டம் இருபத்திரண்டு, இருபது! இருபத்திரண்டாம் ஆள் முதல் ஆளைச் சாய்த்தது இந்தக் கதவின் வரலாற்றில் அதுதான் முதல்முறை!

நான் என்ன செய்தேன்? கோட்டைக் குறை சொன்னேன். பந்தைக் குறை சொன்னேன். முழங்கால் வலி என்றேன். கதவுக்கு முன் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் மாட்டவும் இல்லை. ரதி, வென்ற மகிழ்ச்சிகூட முகத்தில் இல்லாமல், தப்புச் செய்தவர்போல ஓரமாக நின்றார். அதை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ரதி.

அப்போது அக்கா எழுந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. குனிந்து, முந்தானையால், அந்தக் காலி ஆணியின் தூசியைத் துடைத்தார். அவ்வளவுதான். நிமிர்ந்து, போய்த் தேத்தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

உங்களில் யாருக்கும் அது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. ஒரே வார்த்தையில் என்னை அத்தனை பேர் முன்னாலும் அடித்திருக்கலாம். அந்த ஆயுதம் பதின்மூன்று ஆண்டுகளாக அவர் கையில் இருந்தது. அதை என்னைக் காயப்படுத்த எடுக்கவில்லை. எனக்கு நினைவுபடுத்த மட்டும் எடுத்தார். நான் என் தகட்டைக் கழற்றினேன். ரதியின் தகட்டை முதல் ஆணியில் மாட்டினேன். அக்கா கொடுத்த தேத்தண்ணீரில் அன்றைக்குச் சீனி அதிகம்.

அன்று எல்லாரும் போனபின் கேட்டேன். "ஏன்க்கா இத்தனை வருசமா யார்கிட்டயும் சொல்லல?"

"நான் எப்படித் தம்பி சொல்றது? தோத்தவங்கதானே மாட்டணும்? நீ மாட்டுனாத்தான் அது செல்லும். நான் மாட்டுனா அது வெறும் தகரம்."

"நான் மாட்டவே இல்லன்னா?"

"ஆணி எங்க போவப் போவுது? துருப் புடிக்காம நான் பாத்துக்கறேன். நீ அவசரப்படாத லா" என்றார்.

அவசரப்படவில்லை, அன்பர்களே. ஆறு ஆண்டுகள் அவசரப்படவே இல்லை. இன்று நாளை என்று தள்ளினேன். அக்கா எங்கே போய்விடப் போகிறார் என்ற நினைப்பு!

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது பேச்சு மெலிந்திருந்தது. என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "சனிக்கிழமை யாராச்சும் புதுசா வர்றாங்களா?"

"ஒருத்தவங்க வர்றதா இருக்கு அக்கா. குளோரியான்னு. மம்பாவ்ல லோரிப் பட்டறை ஆபீஸ்ல வேலை."

பிறகு கேட்டார்: "அப்ப அவங்க யார ஜெயிப்பாங்க?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் இருக்கிறேன் அக்கா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஐந்தாம் இடத்தில் இருக்கிறேனே! அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே அவர் போனார். இந்த இருபது நாள்களாக அந்தக் கேள்வி என்னோடு சாப்பிடுகிறது, என்னோடு படுக்கிறது.

தலைவர் தர்மேந்திரன் அவர்கள் செயலவைக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார். முதல் ஆணியை இனி யாருக்கும் கொடுக்காமல், அக்காவின் தகட்டை என்றென்றும் அங்கே மாட்டி மரியாதை செய்வோம் என்றார். நல்ல மனத்தோடு சொன்னார், அவருக்கு என் நன்றி. ஆனால் தலைவர் அவர்களே, என்னை மன்னிக்க வேண்டும். தோற்றவர் கை படாமல் இங்கே எந்தத் தகடும் நகர்ந்ததில்லை. அக்காவை மட்டும் சட்டத்தை மீறி மேலே தூக்கினால், அவர் உத்திரத்தில் இடித்துக்கொண்டதுபோல ஆகிவிடும். அவர் தேர்ந்தெடுத்த இடம் நாற்பத்தெட்டு. அது அங்கேயே இருக்கட்டும்.

என்னிடம் வேறொரு யோசனை இருக்கிறது. அதற்குச் செயலவை அனுமதி தேவையில்லை. ஏனென்றால் அது இந்தக் கதவின் சட்டம் ஏற்கெனவே சொன்னது. நான்தான் செய்யவில்லை.

சகோதரி குளோரியா! மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்கள், பார்த்துவிட்டேன். அக்கா கேட்ட அந்தச் சனிக்கிழமை ஆட்டம் நடக்கவில்லை. வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாருங்கள். நீங்கள் யாரை ஜெயிப்பீர்கள் என்று அக்கா கேட்டாரே, அதற்குப் பதில் இதோ: என்னை! உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குப் பின்னால் வரப்போகிற எல்லாருக்கும் நான்தான். எல்லாரும் என்னை வென்றுதான் உள்ளே வர வேண்டும். சும்மா விட்டுக்கொடுப்பேன் என்று நினைக்காதீர்கள், அது அக்காவுக்குச் செய்கிற துரோகம். முழு மூச்சாக ஆடுவேன். ஆனால் எனக்கு முழங்கால் போய்விட்டது, வயது நாற்பத்தேழு. நீங்கள் பந்தைத் தூக்காமல் இருந்தால் போதும். அப்படியே நான் வென்றுவிட்டாலும் கவலைப்படாதீர்கள். மூன்று வாரம் கழித்து வாருங்கள். நீங்கள் வந்ததை நானும் சொல்ல மாட்டேன், சன்னாசி அண்ணனும் சொல்ல மாட்டார்.

அன்பர்களே! இந்தக் கதவை நாம் காப்போம். ஞாயிற்றுக்கிழமைச் சுண்ணாம்புக் கோட்டை நாம் போடுவோம். தோற்றவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவோம், அதை ரதி ஏற்றுக்கொண்டிருக்கிறார். தகடு குத்துவதைத் தர்மராஜ் பார்த்துக்கொள்வார். கடைசி இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இது அக்காவின் பெயரால் நாங்கள் கொடுக்கும் வாக்கு.

இப்போது ஒலிபெருக்கியைக் கையோடு எடுத்துக்கொண்டு கதவுக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதோ ஐந்தாம் ஆணி. இதோ என் தகடு. அக்கா குத்திய புள்ளிகள். "சா"வுக்குக் கால் கொஞ்சம் கோணல், நான் முறைத்துக்கொண்டு நின்றதால் அவசரமாகக் குத்தியது. கழற்றிவிட்டேன். எனக்குக் கீழே இருந்தவர்கள், அக்காவைத் தவிர, எல்லாரும் ஆளுக்கொரு படி ஏறிக்கொள்ளுங்கள். தர்மராஜ், ஆடாமலேயே ஆறிலிருந்து ஐந்தாவது ஆகிவிட்டீர். ரொம்ப ஆடாதீர்.

அக்கா! என்னைத் தோற்கடித்ததற்கு நன்றி. அதை மறைத்ததற்கு நன்றி. மறக்க விடாததற்கு அதைவிடப் பெரிய நன்றி. நீட்டிய கையிலிருந்து நான் வாங்காமல் போனதைப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வாங்கிக்கொள்கிறேன்.

சன்னாசி அண்ணே, எழுந்து நில்லுங்கள். அன்றைய நடுவர் நீங்கள்தான். நீங்கள் பார்க்க நான் மாட்ட வேண்டும். ஆணியில் துரு இல்லை அண்ணே. ஒரு பொட்டுத் துருகூட இல்லை.

புக்கிட் மெராந்தி பால் கொட்டகைத் திடல். சீனப் பெருநாள் இரண்டாம் நாள். ஒற்றையர் ஆட்டம். ராக்கம்மா இருபத்தொன்று, அலெக்சாண்டர் பதினைந்து.

தோற்றவன் மாட்டிவிட்டேன். ஆட்டம் முடிந்தது.